கலங்கல் எங்கே இருக்கிறது? பள்ளிப் பிள்ளைகள் படிக்க வேண்டிய மழைக்காலப் பாடம்!

உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால், இன்று ராத்திரி சாப்பிடும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

நம்ம ஊர் ஏரியோட கலங்கல் எந்தப் பக்கம் இருக்கு? கலங்கல் வழியா வெளியேறுற தண்ணி அடுத்து எந்த ஏரிக்குப் போகுது? பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது தரைப்பாலத்து மேல தண்ணி ஏறிட்டா, நீ எந்த வழியா வீட்டுக்கு வருவ?

மூன்றுக்கும் சரியான பதில் வந்தால் சந்தோஷம். வராவிட்டால் பிள்ளையைத் திட்ட வேண்டாம். நாம் சொல்லிக் கொடுத்திருந்தால்தானே அதற்குத் தெரியும்?

பள்ளிப் பாடநூலில் பேரிடர் பாடம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு பாடத்திட்டத்தில் 6-ம் வகுப்பிலிருந்தே சமூக அறிவியலில் பேரிடர் மேலாண்மை வருகிறது. நிலநடுக்கம், எரிமலை, சுனாமி, நிலச்சரிவு என்று எல்லாவற்றையும் பிள்ளைகள் படிக்கிறார்கள். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். ஆனால், உத்திரமேரூர் பக்கத்துப் பிள்ளைக்கு எரிமலையால் ஆபத்து வரப் போவதில்லை. அதன் மழைக்கால ஆபத்துகள் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. நிரம்பிய ஏரி, சவுடு எடுத்த பள்ளம், தண்ணீர் ஓடும் தரைப்பாலம், மேய்ச்சல் வெளியில் விழும் இடி, ஊறிப்போன மண் சுவர், அறுந்து கிடக்கும் மின்கம்பி, வரப்பில் சுருண்டிருக்கும் பாம்பு... புத்தகத்தில் இருக்கும் பாடத்தை ஊருக்குள் இழுத்து வருவதுதான் இப்போது நமக்கான வேலை.

1,100 வருஷத்துக்கு முன்பே ஏரிக்கு ஒரு வாரியம்!

இந்தப் பாடத்தை ஆரம்பிக்க உத்திரமேரூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. இங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. காலம் கி.பி. 919 மற்றும் 921. குடவோலை முறைத் தேர்தலைச் சொல்லும் கல்வெட்டுகள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தேர்தலில் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்த்தால், நமக்கு வேண்டிய செய்தி அங்கே இருக்கிறது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலை எடுத்து, சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஏரியைப் பார்த்துக் கொள்வதற்கென்றே தனியாக 6 பேர். பதவிக்காலம் 360 நாள்கள். அதாவது, மழை வரும்போது மட்டும் ஏரியைப் பற்றிக் கவலைப்படவில்லை. வருஷம் முழுவதும் பொறுப்பு இருந்தது.

இந்த ஊர் ஏரியின் பழைய பெயர் வயிரமேக தடாகம். பல்லவர் காலத்திலிருந்தே கல்வெட்டுகளில் வரும் பெயர். ஏரியில் தூர் எடுப்பதற்காகப் பொன் கொடுத்த செய்தியும் கல்வெட்டில் உண்டு. இன்னொரு விஷயத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். குடத்திலிருந்து ஓலையை எடுத்தது பெரிய மனிதர்கள் இல்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன். ஊர்ப் பொறுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு கை இருப்பது இந்த மண்ணில் புதிது இல்லை.

சங்கிலி அறுந்தால் எல்லாம் அறும்!

காஞ்சிபுரம் மாவட்டத்தை ஏரிகள் மாவட்டம் என்று சொல்கிறோம். காஞ்சிபுரம், செங்கல்பட்டு இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து, நீர்வளத்துறை பராமரிப்பில் மட்டும் 909 ஏரிகள் இருக்கின்றன. ஊராட்சிகளின் சின்ன ஏரி, குளம், தாங்கல் எல்லாம் இந்தக் கணக்கில் சேராது. பெரும்பாலானவை சங்கிலித் தொடர் ஏரிகள். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்குத் தண்ணீர் போகும். மேல் ஏரியின் கரை உடைந்தால், அந்த மொத்தத் தண்ணீரும் ஒரே நேரத்தில் கீழ் ஏரியில் போய் மோதும். அதனால் பக்கத்து ஊர் ஏரியின் கரையும் நம் பிரச்னைதான்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். தாம்பரம், செம்பரம்பாக்கம் பகுதிகளில் ஒரே நாளில் 45 செ.மீ-க்கு மேல் கொட்டியது. 2021 நவம்பரில் பாலாறும் செய்யாறும் கரைபுரண்டன. மாகரல், வெங்கச்சேரி பக்கம் செய்யாற்றுத் தரைப்பாலம் சேதமடைந்து, காஞ்சிபுரம் - உத்திரமேரூர் போக்குவரத்து தடைபட்டது. வருஷம் முழுக்க மணலாகக் கிடக்கும் ஆறுதானே என்று அலட்சியமாக இருந்தவர்களுக்கு அந்த ஒரு வாரம் பாடம் சொன்னது.

படித்த பாடம் உயிரைக் காப்பாற்றிய கதைகள்!

'பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்தா வெள்ளம் நின்னுடுமா?' என்று சிலர் கேட்கலாம். வெள்ளம் நிற்காது, ஆள்கள் தப்பிப்பார்கள். அதற்கு உலகம் அறிந்த சாட்சிகள் இருக்கின்றன.

2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் பெற்றோருடன் இருந்தாள், 10 வயது பிரிட்டன் சிறுமி டில்லி ஸ்மித். கடல் நீர் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்ததும், இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் ஆசிரியர் சொன்ன சுனாமி அறிகுறி ஞாபகம் வந்து கத்தினாள். அந்தக் கடற்கரையில் இருந்த சுமார் 100 பேர் தப்பித்தார்கள்.

அதே நாளில், நிலநடுக்கம் ஏற்பட்ட இடத்துக்கு மிக அருகில் இருந்தது இந்தோனேசியாவின் சிமிலுவே தீவு. சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர்தான். 1907-ம் ஆண்டு வந்த ஆழிப்பேரலையை அங்குள்ள பாட்டிமார்கள் கதையாகவும் பாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்ததுதான் காரணம். 'நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு' என்பதுதான் அந்தப் பாடம்.

நம் பக்கத்திலேயே புதுச்சேரி அருகே நல்லவாடு மீனவக் கிராமம். அங்கே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராம அறிவு மையத்தில் முன்பு வேலை பார்த்தவர், சிங்கப்பூரில் இருந்தார். தொலைக்காட்சியில் செய்தி பார்த்து ஊருக்குப் போன் செய்தார். மையத்தில் இருந்த ஒலிபெருக்கியில் எச்சரித்து, ஊர் மக்களைக் கடற்கரையிலிருந்து வெளியேற்றினார்கள். பெரிய கருவி எதுவும் இல்லை. ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி, சொன்னதும் கிளம்பிய ஜனங்கள்... அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு ஐந்து பாடங்கள்!

பாடம் 1: ஊர் வரைபடம். மழைக்கு முன்பே, ஆசிரியரும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் கூட இருக்க, பிள்ளைகள் ஏரிக்கரையை ஒரு சுற்று நடந்து பார்க்க வேண்டும். மதகு, கலங்கல், வரத்துக்கால்வாய், போக்குக்கால்வாய், தரைப்பாலம், தாழ்வான தெரு, மேடான கட்டடம், திறந்த கிணறு, சவுடு எடுத்த பள்ளம், மின்மாற்றி எல்லாவற்றையும் சார்ட்டில் குறிக்க வேண்டும். 'எந்த வருஷம் எதுவரை தண்ணி வந்துச்சு?' என்று தாத்தா பாட்டியைக் கேட்டு, அந்தக் கோட்டையும் போட வேண்டும். நடக்க முடியாத முதியவர், கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி இருக்கும் வீடுகளையும் ஊராட்சி தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

பாடம் 2: மழையை அளப்பது. வாய் முதல் அடி வரை ஒரே அகலமாக இருக்கும் டப்பா, ஒரு ஸ்கேல் போதும். திறந்தவெளியில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு எத்தனை மில்லி மீட்டர் என்று எழுதி வரலாம். வானிலைத் துறை கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ முதல் 115.5 மி.மீ வரை பெய்தால் கனமழை, 204.4 மி.மீ வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் என்ன என்பதை இத்தோடு சேர்த்துச் சொன்னால் மறக்காது. கணக்குப் பாடமும் ஆயிற்று. 1 சதுர மீட்டரில் 1 மி.மீ மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். 65 மி.மீ மழை பெய்தால் ஓர் ஏக்கரில் விழுவது சுமார் 2.6 லட்சம் லிட்டர். அந்தத் தண்ணீர் போக வழி இல்லாவிட்டால் பயிருக்கும் வீட்டுக்கும் என்ன ஆகும் என்பது பிள்ளைக்கே புரிந்துவிடும்.

பாடம் 3: ஓடும் தண்ணீர். தரைப்பாலத்தில் அரை அடி உயரத்துக்கு வேகமாக ஓடும் தண்ணீர் ஆளைச் சாய்த்துவிடும். ஓர் அடி ஓடினால் சின்ன காரையே நகர்த்திவிடும். 'நேத்து கூட இதுல போனேனே' என்ற பேச்சு உதவாது. அடியில் ரோடு அரித்துப் போயிருப்பது மேலே இருந்து தெரியாது. கலங்கல் பாயும்போது வேடிக்கை பார்க்கவும், செல்ஃபி எடுக்கவும், மீன் பிடிக்கவும் பிள்ளைகள் தனியாகப் போகக் கூடாது. ஏரிக்குள் சவுடு எடுத்த பள்ளத்தில், ஓர் அடி முன்னால் வைத்தால் ஆழம் இரண்டு ஆள் உயரமாக இருக்கலாம்.

யாராவது தண்ணீரில் தவறி விழுந்தால், நீச்சல் பழகாத பிள்ளை உள்ளே குதிக்கக் கூடாது. கத்தி ஆள்களைக் கூப்பிட வேண்டும். கயிறு, மூங்கில், மூடி போட்ட காலி பிளாஸ்டிக் கேன் என்று கையில் கிடைப்பதை வீச வேண்டும். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம், கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர்கள் நால்வர் மூழ்கியபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் தங்கள் புடவைகளை அவிழ்த்து வீசி இருவரைக் கரைசேர்த்தார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண்களுக்குத் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. தண்ணீரில் இறங்குபவரைவிட, கரையிலிருந்து எதையாவது நீட்டுபவரே அதிகம் பேரைக் காப்பாற்ற முடியும்.

பாடம் 4: இடி, மின்னல். இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000-க்கும் அதிகமானோர் மின்னல் தாக்கி இறக்கிறார்கள். வயலில் வேலை செய்பவர்களும் ஆடு மாடு மேய்ப்பவர்களும் இதில் நிறைய. மின்னல் தெரிந்ததும் ஒன்று, இரண்டு என்று விநாடிகளை எண்ணச் சொல்லுங்கள். இடிச் சத்தம் 3 விநாடியில் கேட்டால் மின்னல் 1 கி.மீ தூரத்தில் இருக்கிறது. 30 விநாடிக்குள் கேட்டாலே ஆபத்தான எல்லை. உடனே கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். புளியமரம், பனைமரம் அடியில் ஒதுங்கவே கூடாது. ஒதுங்க இடமே இல்லாத வெட்டவெளியில், கால்களைச் சேர்த்துக் குந்தி, தலையைக் குனிந்து உட்கார வேண்டும்; படுக்கக் கூடாது.

பாடம் 5: சுவரும் கம்பியும். 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் அருகே நடூரில், மழையில் ஊறிய சுற்றுச்சுவர் வீடுகள் மேல் சரிந்து 17 பேர் தூக்கத்திலேயே இறந்தார்கள். தொடர்ந்து மழை பெய்யும் நாள்களில் மண் சுவர் ஓரமாகவும், பழைய மதில் ஓரமாகவும் படுக்கக் கூடாது. மாட்டையும் கட்டக் கூடாது. அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கப் போகாமல், விலகி நின்று மற்றவரையும் தடுத்து, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்ல வேண்டும்.

பெரியவர்களுக்கு ஒரு பாடம்!

பிள்ளைகள் மட்டும் படித்தால் போதாது. கரையைப் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கரை உடையும் என்று பயந்த ஆங்கிலேயக் கலெக்டர் லயனல் பிளேஸ், அடைமழை இரவில் போய்ப் பார்த்தபோது, ராம லட்சுமணர் வில்லோடு கரையில் காவல் நின்றதாகச் சொல்வார்கள். அந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. அந்த மழையிலும் ஒருவர் கரையைப் பார்க்கப் போனார்!

கரையில் தண்ணீர் கசிந்தால் அதன் நிறத்தைப் பாருங்கள். தெளிவாகக் கசிந்தால் கண்காணிக்க வேண்டும். கலங்கலாக, மண்ணோடு சேர்ந்து வந்தால் கரை உள்ளே அரித்துக் கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சி, நீர்வளத்துறைக்குச் சொல்ல வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. எலி வளை, நண்டு வளை, கரையில் வளர்ந்த மரத்தின் வேர் இவற்றையெல்லாம் மழைக்கு முன்பே கவனித்துவிட வேண்டும்.

எப்போது செய்வது? நாள்காட்டியே வழி காட்டுகிறது. அக்டோபர் 2 கிராம சபை. அதற்குள் பிள்ளைகளின் வரைபடம் தயாராகிவிட்டால், அதைச் சபையில் விரித்து வைத்து, 'இந்த இடத்தில் போக்குக்கால்வாய் அடைபட்டிருக்கு, இந்தத் தரைப்பாலத்துக்கு அளவுக் கம்பம் வேணும்' என்று தீர்மானம் போடச் சொல்லலாம். அக்டோபர் 13 உலகப் பேரிடர் அபாயக் குறைப்பு தினம். அன்று பள்ளியில் ஒத்திகை வைக்கலாம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஐ ஒட்டி. ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் அடங்கிய பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுங்கள். மழை விடுமுறை விட்டால் பிள்ளைகளை யார், எந்த வழியாக அழைத்துப் போவது என்பதை அங்கேயே முடிவு செய்யலாம்.

வீட்டிலும் வேலை இருக்கிறது. பட்டா, சிட்டா நகல், ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், பயிர்க் காப்பீட்டு ரசீது எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரே பையில் வைக்க வேண்டும். டார்ச் லைட், தீப்பெட்டி, குடிநீர் கேன், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் பக்கத்திலேயே இருக்கட்டும். அந்தப் பை எங்கே இருக்கிறது என்பது வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிய வேண்டும்.

வாசகர் கேள்விகள்

'வெள்ளம் வரும்னு தெரிஞ்சா ஆடு, மாடுகளை என்ன செய்வது? இறந்துபோனா நிவாரணம் கிடைக்குமா?'

முன்கூட்டியே மேட்டு இடத்துக்கு ஓட்டிப் போய்விடுங்கள். நேரமில்லை என்றால், கயிற்றை அவிழ்த்தாவது விடுங்கள். கட்டுத்தறியில் கட்டிய மாடு தப்ப வழியில்லை. அவிழ்த்த மாடு நீந்தி மேடு ஏறும். பேரிடர் நிவாரண விதிகளின்படி கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், கன்றுக்கு 20,000 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்று 2022-ல் நிர்ணயித்தார்கள். இறந்ததும் புதைத்துவிடாமல், போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் தகவல் சொல்லிச் சான்று பெற வேண்டும். கால்நடை அவசர ஊர்திக்கு 1962.

'சம்பா பயிர் தண்ணியில மூழ்கிட்டா எப்படிக் காப்பாத்துறது?'

முதலில் தண்ணீரை வடியுங்கள். வடிந்த பிறகு, ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 4 கிலோ கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுவது வேளாண் துறையின் பரிந்துரை. தண்ணீர் நிற்கும்போது உரம் போட்டால் காசுதான் கரையும். பயிர்ச் சேதம் 33 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால்தான் நிவாரணக் கணக்கெடுப்பில் வரும் என்பதால், கணக்கெடுக்க வரும்போது வயலில் இருங்கள்.

'மழைக்கப்புறம் பாம்பு நடமாட்டம் அதிகமா இருக்கு. பிள்ளைங்களுக்கு என்ன சொல்லி வைக்கிறது?'

வெளிச்சம் இல்லாமல் ராத்திரி நடக்கக் கூடாது. விறகு, வைக்கோல், செருப்பு எதையும் தட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். தரையில் படுப்பதைவிடக் கட்டிலும் கொசுவலையும் பாதுகாப்பு. கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாமே தவறு. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

'பம்ப்செட் கொட்டகையில ஒதுங்கினா மின்னல் தாக்காதா?'

கான்கிரீட் கூரையும் நான்கு சுவரும் இருந்தால், மோட்டார், ஸ்டார்ட்டர், குழாய் எதையும் தொடாமல் உள்ளே நிற்கலாம். நான்கு கம்பத்தின் மேல் தகரம் போட்ட கொட்டகை பாதுகாப்பு இல்லை.

'இதையெல்லாம் சொன்னா பிள்ளைங்க பயந்துடாதா?'

என்ன செய்வது என்று தெரியாத பிள்ளைதான் பயப்படும். ரோட்டைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் பார் என்று சொல்கிறோம்; அதனால் எந்தப் பிள்ளையும் ரோட்டைப் பார்த்து நடுங்குவதில்லை. படங்காட்டி மிரட்டாமல், செய்து பார்க்க வைத்தால் அது விளையாட்டு மாதிரியே மனதில் பதியும். இந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்ந்ததும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய், முதலில் கலங்கலைக் காட்டுங்கள்.